வீடு பார்க்க வந்த வெல்லமண்டி பாய்

எனக்கு முப்பத்தொரு வயது வரை கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு ஜாதகம் காரணமில்லை, வேலை காரணமில்லை, என் மூஞ்சியும் காரணமில்லை. மூஞ்சியைப் பற்றி ஊரில் வேறு அபிப்பிராயம் இருந்திருக்கலாம், அதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. உண்மையான காரணம் எங்கள் வீட்டு நடுச்சுவர்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் உடனே தட்டு மாற்றிவிட மாட்டார்கள். பெண் வீட்டார் ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். சும்மா வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிற வேலை இல்லை அது. கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அடுப்படியில் புகை வெளியே போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். மாடு கட்டுகிற இடத்தில் சாணி அள்ளியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில், வரப்போகிற பெண் படுத்து எழப்போகும் அறைக்குள் நுழைவார்கள். எங்கள் வீட்டில் வினை அந்த அறையில்தான் இருந்தது.

முதலில் வந்தவர்கள் அரூர்ப் பக்கம். பெண்ணின் அப்பா அறைக்குள் வந்து, மேலே விட்டத்தைப் பார்த்தபடி யதார்த்தமாகச் சுவரில் கையை ஊன்றினார். எடுத்தபோது உள்ளங்கை வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஜாதகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார். அடுத்து வந்தவர்கள் பாலக்கோடு. பெண்ணின் அம்மா அறைக்குள் நுழைந்ததும் ஏழு தும்மல் தும்மினார். எட்டாவதை எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனவர்தான், இன்று வரை தகவல் இல்லை.

எங்கள் வீடு கம்பைநல்லூரில் இருக்கிறது. என் தாத்தா கட்டிய மெத்தை வீடு. ஓலை வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் நடுவே மொட்டை மாடி போட்டுக் கட்டியது என்பதில் குடும்பத்துக்கே ஒரு கர்வம். தாத்தா போன பிறகு, அறுபத்திரண்டில், என் அப்பா நஞ்சப்பனும் சித்தப்பா கோவிந்தனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்று முறையைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள். பித்தளை அண்டாவை வெட்ட முடியாததால் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டை நடுச்சுவரோடு இரண்டாக்கினார்கள். பேச்சை மட்டும் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, அதனால் இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பா எங்கள் எருமையிடம் சொல்வார். “ஏ லச்சுமி, நாளைக்குக் கெணத்து மொறை நம்மளுதுன்னு சில பேருக்கு ஞாபகம் இருந்தாச் சரி” என்பார். சித்தப்பா அந்தப் பக்கம் நின்று தன் நாயிடம் பதில் சொல்வார். ஒன்பது வருஷம் இப்படியே நடந்தது. எருமைக்கும் நாய்க்கும் ஒரு விரோதமும் கிடையாது, அவை ஒரே நிழலில் படுத்துக்கொள்ளும்.

அந்த நடுச்சுவரில்தான் ஓதம் ஏறியது. பாகம் பிரித்த வருஷத்து மழையிலேயே சுண்ணாம்பு பொரிந்து உதிர ஆரம்பித்தது. அப்புறம் உப்புப் பூத்தது. அப்புறம் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு திட்டு. அது என் அறை. நான் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. பகலெல்லாம் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்து அந்தச் சுவரோரம்தான் படுப்பேன். ஒன்பது வருஷமாக இருமினேன். வீட்டில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. இருமல் கேட்டால் “குப்புராஜ் வந்துட்டான், சோத்தைப் போடு” என்பார் அம்மா.

சுவர் ஏன் நனைகிறது என்று கேட்டால் அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. “அவன் வேணும்னே அந்தப் பக்கம் குடங்குடமா ஊத்தறான்டா.” சரி, போய்க் கேட்கலாமே என்றால், பேசாதவனிடம் எப்படிக் கேட்பது என்பார். இந்த விஷயத்தை எருமையிடம் சொல்லவும் அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவதாகக் கடத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். பேர் கண்ணம்மாள். தட்டில் காப்பியோடு வந்து நின்றாள். நான் டம்ளரைக் கையில் எடுத்ததும் வழக்கம்போல இருமல் பிடித்துக்கொண்டது. சபையில் எல்லோரும் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் கையிலிருந்த காப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். பெண் பார்க்கப் போய்க் காப்பியைப் பறிகொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த வெந்நீர் தொண்டையில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இருமிக்கொண்டே கிடப்பது.

அவர்கள் வீட்டிலும் சம்மதம் என்றார்கள். எழுபத்தொன்று ஐப்பசியில், நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகக் கடுதாசி வந்தது. நாலு நாள் மழைக்குப் பிறகு! வைகாசியில் வரக்கூடாதா இவர்கள்?

அப்பா கொத்தனார் மாதுவைக் கூப்பிட்டார். மாது சுவரை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“உள்ளருந்து அழுவுதுங்க. மேல பவுடர் பூசி என்னாங்க பிரயோசனம்?”

“ரெண்டு மணி நேரம் அழுவாம இருந்தாப் போதும். நீ பூசு” என்றார் அப்பா.

கஞ்சி கலந்து, நீலம் கலந்து, மூன்று முறை சுண்ணாம்பு அடித்தார் மாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புத் திட்டு மூன்று பூச்சையும் தாண்டி மெல்ல எட்டிப் பார்த்தது. நானும் அப்பாவும் கூடத்திலிருந்த மர பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் சாத்தினோம். பீரோவுக்கு மேலே தெரிந்த ஈரத்துக்கு நாலு கடைக் காலண்டர்களை வரிசையாக மாட்டினேன். சுவரில் ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. எல்லாம் மறைத்தும் பீரோவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இடுப்பளவுக்கு, ஒரு பாய் அகலம் மிச்சமிருந்தது.

அதற்குத்தான் பெரிய அத்தை. அப்பாவின் அக்கா, பேர் குள்ளம்மாள். பேர் வைத்தவர்கள் உயரத்தை மட்டும்தான் கவனித்திருக்கிறார்கள்; அகலத்துக்குத் தனியாக ஒரு பேர் வைத்திருக்கலாம். அவரை அங்கே பாய் போட்டுச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார வைத்தார் அப்பா.

“அக்கா, வானமே இடிஞ்சு வுழுந்தாலும் நீ எந்திரிக்கக் கூடாது.”

“வெத்தல பாக்கு?”

“பக்கத்துலயே வச்சுடறேன்.”

“அப்பச் சரி” என்றார் அத்தை. அளவெடுத்துச் செய்ததுபோல அந்த இடத்துக்குப் பொருந்தினார்.

பத்து மணிக்குக் கடத்தூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா முனியப்பன், அம்மா செல்லம்மாள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். கூட மூன்றாவதாக ஒருவர் வந்தார். ஒல்லியாக, உயரமாக, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, கையில் குடையோடு. எங்கள் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று மூக்கைத் தூக்கி மெல்ல மூச்சிழுத்தார்.

“இவரு அப்துல் சுபான் பாய். கடத்தூர்ல வெல்லமண்டி வச்சிருக்காரு. நானும் இவரும் சின்ன வயசுலருந்து ஒண்ணாப் பழகினவங்க. கெடங்கு பாத்துப் பாத்துக் கை தேர்ந்தவரு. வூடு பாக்கணும்னா இவரு இல்லாம நான் போறதே இல்லீங்க” என்றார் முனியப்பன்.

வெல்லமண்டிக்காரருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா என் காதில் கேட்டார். எனக்கு நன்றாகவே தெரியும், சங்கத்துக்கு வரும் வியாபாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெல்லத்துக்கு ஒரே எதிரி ஈரம். ஓதம் ஏறிய கிடங்கில் ஒரு மழைக்காலம் வைத்தால் அச்சு வெல்லமெல்லாம் பாகாக ஓடிவிடும். அதனால் வெல்லமண்டிக்காரர்கள் கிடங்கை வாடகைக்குப் பிடிக்குமுன் சுவரைத் தடவி, முகர்ந்து, தட்டித்தான் பிடிப்பார்கள். அப்பாவுக்கும் இது தெரியும். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, உள்ளே ஆள் மட்டும் இல்லை.

முதல் சங்கடம் அத்தையால் வந்தது. சம்பந்தி வீட்டார் அறைக்குள் வந்தால் யாராக இருந்தாலும் எழுந்து நின்று வாங்க என்பதுதானே முறை? அத்தை உட்கார்ந்தபடியே “வாங்க, வாங்க” என்றார். செல்லம்மாள் புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நல்லதாகப் படவில்லை.

“மொழங்கால் வலிங்க. நாலு நாளா எந்திரிக்க முடியல” என்றார் அம்மா அவசரமாக.

“அப்படீங்களா? வர்றப்போ நாங்க தெருமொனையில பாத்தமே, வெத்தலக் கடையில நின்னுட்டு இருந்தாங்க” என்றார் செல்லம்மாள். வாங்கி வைத்த பாக்கு போதாமல் அத்தை நடுவில் ஒரு நடை போய் வந்திருக்கிறார்.

“அது அவங்க மாதிரியே இன்னொருத்தங்க” என்றார் அப்பா. கம்பைநல்லூரில் அத்தை மாதிரி இன்னொருவர் இருந்தால் ஊர் தாங்காது.

பாய் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. கிணற்றைப் பார்த்து “நல்ல தண்ணி” என்றார். அடுப்படியைப் பார்த்து “நல்ல காத்து” என்றார். ஒவ்வொன்றாக நல்லது சொல்லிக்கொண்டே வந்து என் அறையில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெல்லக்கட்டியை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்தார்.

“இது பாட்டுக்கு இங்க இருக்கட்டுங்க. நாம டிபன் சாப்பிடலாம்.”

சேமியா உப்புமாவும் வடையும் போட்டோம். அப்பா எங்கள் வீட்டுக் காற்றைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் விடாமல் பேசினார். ஒரு வீட்டில் வெயில் எந்தெந்த நேரத்தில் எந்தெந்த ஜன்னல் வழியாக வரும் என்று அவ்வளவு நேரம் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாய் இரண்டு வடையைத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேராக அறைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். பீரோவுக்கும் அத்தைக்கும் இடையில் கிடைத்த நாலு விரல்கடை சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “ஏனுங்க பாய், செவுரு ஏதாச்சும் பேசுதுங்களா?”

“பேசுதுங்க அக்கா. நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காந்தா இன்னும் நல்லாக் கேக்கும்.”

“நான் எந்திரிக்க மாட்டனுங்க. சொல்லியிருக்கறாங்க.”

“யாருங்க சொன்னது?”

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா காலண்டரைப் பார்த்தார். “வைத்தியரு” என்றார் அத்தை.

நான் கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து நிமிஷம். அத்தை மட்டும் பத்து நிமிஷம் அசையாமல் இருந்துவிட்டால் கண்ணம்மாள் இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். அத்தையின் முகமோ ஒரு மாதிரியாக மாறிக்கொண்டு வந்தது. முதலில் தோளைக் குலுக்கினார். அப்புறம் நெளிந்தார். அப்புறம் தும்மலை அடக்கினார், இரண்டாவது தும்மலை அடக்க முடியவில்லை. கடைசியில் கையைத் தரையில் ஊன்றி, அத்தனை பேர் நடுவிலும் எழுந்தே விட்டார்.

“போடா நஞ்சப்பா! முதுகு சில்லுனு ஆயி எலும்பு வரைக்கும் எறங்கிப்போச்சு. உம் மவனுக்குக் கலியாணம் ஆவறதுக்குள்ள எனக்குக் கருமாதி ஆயிரும்போல.”

திரும்பி நடந்தார். பச்சைச் சேலையின் முதுகில் மாது அடித்த மூன்று பூச்சும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில், சுண்ணாம்பு போன இடத்தில், அத்தையின் அளவுக்கு, அத்தையின் வடிவத்தில், கன்னங்கரேலென்று ஈரம் மின்னியது. பாய் மாடத்திலிருந்த வெல்லக்கட்டியை எடுத்தார். அது அவர் விரலோடு இழுபட்டுக்கொண்டு நூலாக வந்தது.

“நேத்து ராத்திரி சாரல் அடிச்சுதுங்க, அதான்...” என்றார் அப்பா.

“நடுச்செவுத்துலயாங்க சாரல்?” என்றார் பாய். கேலியாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “இது தரையிலருந்து ஏறுன ஓதம் இல்லீங்க. அதுன்னா கீழதான் அதிகமா இருக்கும். இது மேலருந்து எறங்கியிருக்குது. செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குது?”

“எம் தம்பி வூடு. பேச்சுவார்த்தை இல்லீங்க.”

“உங்களுக்குத்தானுங்களே இல்ல” என்று சொல்லிவிட்டு பாய் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தெருவில் இறங்கி, பக்கத்து வாசலில் ஏறி, “ஊட்ல யாருங்க?” என்று அவர் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. அப்புறம் சுவருக்குப் பின்னால் பேச்சுக் குரல், ஏதோ கனமான சாமானை இழுக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து சுவர் வழியாகவே பாயின் குரல் வந்தது.

“நஞ்சப்பண்ணே! இங்கயும் ஒரு பீரோ இருக்குதுங்க!”

சித்தப்பா வீட்டிலும் அதே இடத்தில், அதே உயரத்துக்கு ஈரமாம். அண்ணன் அந்தப் பக்கம் வேண்டுமென்றே குளித்துத் தொலைக்கிறார் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா முறைத்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்ததாக பாய் சித்தப்பா வீட்டுப் படி வழியாக மொட்டை மாடி மெத்தைக்கு ஏறினார். நாங்கள் எங்கள் படி வழியாக ஏறினோம். மெத்தையின் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர். அந்தப் பக்கம் பாயும் சித்தப்பாவும், இந்தப் பக்கம் அப்பாவும் முனியப்பனும் நானும். எங்கள் பக்கத்து மூலையில், நடுச்சுவரை ஒட்டி, தாத்தா வைத்த மண்குழாயின் வாய் திறந்து கிடந்தது. மெத்தையில் விழும் மழைத்தண்ணீர் அந்த வாய் வழியாகச் சுவருக்குள் இறங்கிக் கீழே வெளியேற வேண்டும். பாய் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் ஊற்றினார். மளமளவென்று உள்ளே போனது.

“இது எங்கீங்க போயி வுழுவுது?”

அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக அப்பா உண்மையாகச் சிரித்தார். “கீழ அவன் வாசல்லீங்க. பாகம் பிரிக்கறப்ப இதை யாரும் பத்திரத்துல எழுதல, நானும் ஞாபகப்படுத்தல. மழை பெய்ஞ்சா எம் மெத்தத் தண்ணி பூரா அவன் வாசல்லதான் வுழுவும்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, தனக்குத்தானே சிரிப்பார். இந்த மனுஷனுக்கு மழை என்றால் எவ்வளவு ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் சித்தப்பாவும் சிரித்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, பாயிடம் சொன்னார். “பாய், அவருகிட்டச் சொல்லுங்க. பாகம் பிரிச்ச மறுவாரமே அந்தக் கொழாயோட கீழ் வாயில செங்கல்லு வச்சு, சுண்ணாம்பு போட்டு அடைச்சுட்டேன். ஒம்போது வருசமா ஒரு சொட்டு எம் வாசல்ல வுழுந்ததில்ல.”

மழை வரும்போதெல்லாம் அண்ணன் மெத்தையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் என்று நினைத்து அவரும் தன் வாசலில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டிருக்கிறார். ஒரே மழையில் இரண்டு வாசலில் இரண்டு பேர் ஒன்பது வருஷம் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள்.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ஒம்போது வருசமா இந்தத் தண்ணியெல்லாம் எங்கீங்க போச்சு?”

அப்பா கீழே தன் காலடியைப் பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அப்பா கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராகப் பேசினார்.

“டேய் கோவிந்தா, அடைச்சவன் அடைச்சேன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டாமாடா?”

“நீ கேட்டியா?”

“நான் எப்படிடா கேப்பேன்? நீதான் பேச மாட்டியே!”

“நானா பேச மாட்டேன்னேன்? மொதல்ல மூஞ்சியத் திருப்பினது யாரு? அந்த அண்டா விசயத்துல...”

அண்டாவில் ஆரம்பித்துவிட்டார்கள். இனி சாயங்காலம் வரை நிற்காது என்று எனக்குத் தெரியும். பாய் அவர்களை அப்படியே விட்டுவிட்டு, முனியப்பனும் நானும் பின்தொடரக் கீழே இறங்கிப்போய், சித்தப்பா வாசலில் குழாய் இருந்த இடத்தைத் தட்டிக் கண்டுபிடித்து, கடப்பாரையை வாங்கிக்கொண்டு தானே இடித்தார். செங்கல் விழுந்ததும் ஒன்பது வருஷத்து இலைமண்ணும் கறுப்புத் தண்ணீரும் ஒரே வீச்சில் வெளியே வந்தது. முனியப்பனின் சலவை வேட்டி முழங்கால் வரை போயிற்று. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. மேலே அண்ணனும் தம்பியும் யார் வீட்டு நாற்றம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். முனியப்பனுக்குக் காலைக் கழுவத் தண்ணீர் எடுக்கத்தான் போனேன். என் அறையில் செல்லம்மாள் தனியாக நின்று, அத்தை உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிற்கச் சொன்னார்.

“தம்பி, எங்க மூத்தவளை நல்ல எடமுன்னு நெனச்சுத்தான் குடுத்தோம். வூடு பாக்கப் போனப்ப அறை பூரா நெல்லு மூட்டை அடுக்கியிருந்தாங்க. எவ்வளவு நெல்லுன்னு பாத்துச் சந்தோசப்பட்டு வந்துட்டோம். மூட்டைக்குப் பின்னால செவுரு சொதசொதன்னு இருந்துது. இன்னிக்கு அவளுக்கும் மூச்சு இழுப்பு, அவ பெத்த ரெண்டுக்கும் இழுப்பு. அவங்க தெரிஞ்சே மறைச்சாங்க.” சுவரில் அத்தை விட்டுப்போன ஈரத்தைக் கையால் காட்டினார். “நீங்க சொல்லுங்க. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவருக்குப் பின்னால் அம்மா வாசற்படியில் வந்து நின்று, தெரியாது என்று சொல் என்று தலையை ஆட்டினார். அது சுலபமும்தான். பகலெல்லாம் சங்கத்தில் இருக்கிறவன், வீட்டு விஷயமெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார் என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் சுவரைப் பார்த்தேன். காலையிலிருந்து அதை எப்படி மறைப்பது என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் கண்ணம்மாள் படுப்பாள் என்பதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. என் இருமலைக் கேட்டு மிளகு வெந்நீர் கொண்டுவந்தவளை, இந்தச் சுவரோரம் படுக்கவைத்து அதே இருமலைக் கொடுக்கத்தான் பீரோவைத் தள்ளினேன். வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

“தெரியுங்க. ஒம்போது வருசமாத் தெரியும். பீரோவைத் தள்ளினது நானு. காலண்டருக்கு ஆணி அடிச்சதும் நானு. அத்தையை ஒக்கார வச்சது மட்டும் அப்பாங்க” என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லம்மாள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்தச் சரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சம்பந்தமும் போயிற்று என்றே நினைத்தேன். முனியப்பனுக்குத் தண்ணீர் கொண்டுபோகக்கூட மறந்துபோய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இருமினேன்.

வாசலில் செல்லம்மாள் புருஷனிடம் ஏதோ சொன்னார். முனியப்பன் பாயைப் பார்த்தார். பாய் கையைக் கழுவிக்கொண்டே, பழைய பூச்சையெல்லாம் கொத்தி எறிந்துவிட்டு, குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டால் மூன்று நாலு மாதத்தில் சுவர் காய்ந்துவிடும் என்றார். முனியப்பன் மெத்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சம்பந்தி! ரெண்டு பேருந்தாங்க! சண்டையைக் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு எறங்கி வந்தீங்கன்னா, மாசி மாசம் முகூர்த்தம் எப்ப இருக்குதுன்னு பாக்கலாம்.”

நான் கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் காலண்டர் ஒன்று கழன்று விழுந்தது.

மாசியில் கல்யாணம் நடந்தது. சுவர் முழுசாகக் காயும் வரை நாங்கள் கூடத்தில் படுத்துக்கொண்டோம், அது செல்லம்மாள் போட்ட கண்டிஷன். அப்பாவும் சித்தப்பாவும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள், அதாவது தினமும் சண்டை போடுகிறார்கள். எருமை மட்டும் நிம்மதியாக இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் கண்ணம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அம்மா கேட்டபோது எப்படி மறைக்காமல் உண்மையைச் சொன்னேன் என்று விஸ்தாரமாக எடுத்துவிட்டேன். ஏற்கெனவே இரண்டு தடவை சொன்னதுதான். அவள் கேட்டுக்கொண்டே புடைத்தாள்.

“உங்க வூட்டுச் செவுரு ஓதம்னு கடத்தூர்ச் சந்தையில தெரியாத ஆளே கெடையாதுங்க. உங்க ஊரு பொம்பளைங்களே வந்து சொல்லிட்டுப் போனாங்க” என்றாள்.

“தெரிஞ்சுமா வந்தாங்க?”

“அது காயுமா காயாதான்னு பாக்கத்தான் பாய் வந்தாரு. எங்கம்மா செவுத்தைப் பாக்க வரலீங்க.”

முறத்திலிருந்து ஒரு உளுந்தை எடுத்து விரலில் உருட்டினேன். அப்புறம் கேட்டேன், “நான் தெரியாதுன்னு சொல்லியிருந்தா?”

“ரெண்டு மணிக்கு மொரப்பூர் வழியா எங்க ஊருக்கு பஸ் இருந்துச்சு” என்றாள் கண்ணம்மாள்.